மௌனமும் மறுமொழியும்



தியானம் என்றதும் கண்மூடி, வாய்மூடித் தனித்திருக்கும் துறவியின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. பேசுவதும் கேட்பதும் தியானத்துக்கு இடையூறு என்று எண்ணுவோர் பலர். பௌத்த நூல்கள் அவ்வாறு கூறவில்லை. விழிப்போடிருக்கும் பயிற்சியை விரித்துரைக்கும் சதிபட்டான சூத்திரம், நடத்தல், உண்ணல் முதலியவற்றோடு பேசுதலையும் பேசாதிருத்தலையும் சேர்த்தே எண்ணுகிறது.

விநய பிடகத்திலே ஒரு நிகழ்ச்சி வருகிறது. கோசல நாட்டிலே சில பிக்குகள் மழைக்காலத்து மூன்று மாதமும் ஓரிடத்தில் தங்கினர். பூசலின்றி வாழ வழி யாதென ஆராய்ந்து, ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை என முடிவு செய்தனர். பிச்சையேற்று முதலில் திரும்புபவர் இருக்கை இடுவார், நீர் வைப்பார். இறுதியில் வருபவர் இடத்தைக் கூட்டுவார். உதவி வேண்டின் கைச்சாடை. மழைக்காலம் கழிந்ததும் சாவத்தி நகர் சென்று, இனிதே வாழ்ந்தோம் என்று புத்தபிரானிடம் உரைத்தனர். அவரோ கடிந்துகொண்டார். ஆடுமாடுகள் ஒரு பட்டியில் அடைபட்டுக் கிடந்தாற்போல அவர்கள் கிடந்தார்கள் என்பது அவர் கருத்து.

வியப்பு என்னவெனில், ஏறக்குறைய இதே ஒழுங்கில் வாழ்ந்த வேறு மூவரை அவர் பாராட்டியிருக்கிறார். கோசிங்க சாலவனத்தில் வாழ்ந்த அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்போரே அம்மூவர். அங்கேயும் அதே நீர்க்குடம், அதே கைச்சாடை. ஆயினும் அவர்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை இரவு முழுவதும் அமர்ந்து தருமத்தைப் பற்றி உரையாடினர். தத்தம் விருப்பை ஒதுக்கி, மற்றவர் விருப்பின்படி நடந்தனர்.

ஆகவே குற்றம் மௌனத்தின் மேலதன்று. முன்னவர் மௌனம் பூசலுக்கு அஞ்சிப் பிறந்தது. மனத்தாங்கலை உள்ளே பூட்டிவைத்து, சோற்றை மட்டும் பரிமாறி உண்ணும் கணவன் மனைவியர் நம் அயலிலும் இல்லையா? அந்த வீடுகளிலும் சத்தம் இல்லைத்தான்.

அந்தப் பிக்குகளைக் கடிந்ததோடு புத்தபிரான் நிற்கவில்லை. பவாரணை என்னும் ஒழுங்கை விதித்தார். மழைக்கால முடிவில் ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின்முன் கைகூப்பி, தம்மிடம் பிறர் கண்ட, கேட்ட, ஐயுற்ற குறை எதுவாயினும் எடுத்துரைக்குமாறு மும்முறை வேண்டிக்கொள்ள வேண்டும். பிறர் குறையைச் சொல்லும் உரிமையை அவர் கேட்கவில்லை. தம் குறையைக் கேட்க முன்வருகிறார்.

குறை கூறுபவர் பேண வேண்டியவை ஐந்து: உரிய காலம், உண்மை, மென்மை, பயன், அன்புள்ளம். கேட்பவருக்கு உரியவை இரண்டே: உண்மையில் நிற்றல், சினங்கொள்ளாமை. எண்ணிக்கையில் குறைவு, எளிது என்று நான் சொல்லமாட்டேன். நம்மிற் பலர் கேட்கும்போதே மறுமொழியைக் கூர்தீட்டத் தொடங்கிவிடுகிறோம்.

பவாரணையில் முதலில் வேண்டுகோள் விடுப்பவர் இளையவர் அல்லர். துறவில் மூத்த தேரர். அவர் குந்தியிருந்து, தம்மினும் எவ்வளவோ இளைய பிக்குகளை நோக்கிக் கைகூப்புகிறார். இலங்கையிலே ஆடியில் தொடங்கும் வஸ் காலம் முடியும் வப் பூரணையில் இந்த ஒழுங்கு இன்றும் பேணப்படுகிறது.