போண்டியாக் ஜி.டி.ஓ.: வாங்கியவர்களும் விற்பனையும்

அமெரிக்காவில் 'மசில் கார்' என்ற வகையைச் சாலைக்குக் கொண்டுவந்த வண்டி எது என்று கேட்டால், பெரும்பாலோர் 1964ஆம் ஆண்டின் போண்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் சொல்வார்கள். நடுத்தர அளவுள்ள காருக்குள் பெரிய காரின் எஞ்சினை வைத்தார்கள், அவ்வளவுதான்.

அதற்கு ஒரு விதியைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், 1963 தொடக்கத்தில், தன் பிரிவுகள் எதுவும் கார்ப் பந்தயத்தில் ஈடுபடக்கூடாது என்று உத்தரவிட்டது. பந்தய வெற்றிகளைக் காட்டியே விற்றுவந்த போண்டியாக்குக்கு அது பெரிய அடி. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு அதில் ஒரு சந்து கண்டது. கட்டுப்பாடு மாடலுக்குத்தானே, விருப்பப்பட்டுக் கேட்பவருக்குத் தரும் கூடுதல் வசதிக்கு இல்லையே! டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் 389 கன அங்குல வி-8 எஞ்சின், சுமார் 296 டாலர் கூடுதல் விலையில், 'ஆப்ஷன்' என்ற பெயரில் நுழைந்தது. ஜி.டி.ஓ. என்ற பெயரை இத்தாலியின் ஃபெராரியிடமிருந்து கூசாமல் எடுத்துக்கொண்டார்கள்.

ஐயாயிரம் வண்டி விற்றாலே அதிகம் என்று விற்பனைப் பிரிவு கணக்குப் போட்டது. முதல் ஆண்டில் போனவை 32,450. அடுத்த ஆண்டு 75,352. தனி மாடலாக வந்த 1966ல் 96,946. அந்த எண்ணிக்கையை ஜி.டி.ஓ. மறுபடி தொடவில்லை.

வாங்கியவர்கள் முதலில் புகழ்ந்தது எஞ்சினைத்தான். மூன்று கார்பரேட்டர் வைத்த வண்டிக்கு 1964ல் 348 குதிரைத்திறன். மெதுவாகப் போகும்போது நடுக் கார்பரேட்டர் மட்டும் வேலைசெய்யும். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் மற்ற இரண்டும் திறந்துகொள்ளும், முதுகு சீட்டோடு ஒட்டும். குறைகளும் மறைவாக இல்லை. நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக்தான், சாதாரண டெம்பெஸ்டில் இருந்த அதே பிரேக். வேகத்தில் இரண்டு மூன்று முறை அழுத்திப் பிடித்தால் சூடேறிப் பிடிப்பு தளரும். ஸ்டீயரிங் மந்தம். முன்பக்கம் கனம், அதனால் வளைவில் வண்டி வெளிப்புறமாகவே இழுக்கும். இத்தனையும் தெரிந்துதான் வாங்கினார்கள்.

முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967ல் கூடுதல் வசதியாகக் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், விற்பனை குறைந்ததும் அந்த ஆண்டில்தான்: 81,722. செவர்லே, ஓல்ட்ஸ்மொபைல், ஃபோர்டு, பிளைமவுத் என்று எல்லாரும் அதற்குள் இதே சூத்திரத்தோடு களத்தில் இருந்தார்கள். 1968ல், தட்டினாலும் நசுங்காத, உடலின் நிறத்திலேயே அமைந்த முன் பம்பருடன் வந்த வண்டிக்கு மோட்டார் டிரெண்ட் இதழின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது கிடைத்தது. விற்பனை 87,684 ஆனது. பிளைமவுத்தின் மலிவான ரோட் ரன்னருக்குப் பதிலடியாக யோசித்த 1969 மாடல் 'தி ஜட்ஜ்' கடைசியில் மலிவாக வரவில்லை, சாதாரண ஜி.டி.ஓ.வைவிட 332 டாலர் கூடுதலாகவே வந்தது.

ஜி.டி.ஓ.வை வீழ்த்தியது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அல்ல. அதிகத் திறனுள்ள கார்களுக்கு, அதுவும் ஓட்டுபவர் 25 வயதுக்குட்பட்ட இளைஞர் என்றால், இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போயின. மாதத் தவணையோடு அதையும் கட்ட இளைஞரால் முடியவில்லை. புகை விதிகள் இறுகின. ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடவேண்டும் என்பதற்காக 1971ல் எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் குறைத்தார்கள். விற்பனை 1970ல் 40,149, மறு ஆண்டு 10,532, 1973ல் 4,806. அந்த ஆண்டு இறுதியில் எண்ணெய்த் தடையும் சேர்ந்தது. சிறிய வென்சுராவின் மேல் பெயரை ஒட்டி விற்ற 1974ஆம் ஆண்டு வண்டியோடு கதை முடிந்தது. 2004ல் ஆஸ்திரேலிய ஹோல்டன் மொனாரோவை இதே பெயரில் இறக்கினார்கள். வேகம் பிடித்தது, தோற்றம் பழைய ரசிகர்களுக்கு எடுபடவில்லை. 2006ல் அதுவும் நின்றது.

இன்றைய சந்தையில் அரிதானதற்குத்தான் விலை. 1969ன் ஜட்ஜ் 6,833. அவற்றில் திறந்த கூரை வண்டி 108 மட்டுமே. போலிகளும் உண்டு. 1966 முதல் 1971 வரையிலான வண்டியில் அடிச்சட்ட எண் 242 என்று தொடங்கினால் அது ஜி.டி.ஓ. முதல் இரண்டு ஆண்டு வண்டிகளில் அந்த அடையாளம் கிடையாது, ஏனென்றால் அன்று அது வெறும் ஆப்ஷன். லெமான்ஸ் ஒன்றுக்குச் சின்னம் ஒட்டி ஜி.டி.ஓ. ஆக்குவது எளிது. அதனால் விவரம் தெரிந்தவர்கள், போண்டியாக்கின் பழைய விற்பனைப் பதிவேட்டின் நகலைக் கட்டணம் கட்டி வாங்கிப் பார்த்த பிறகே விலை பேசுகிறார்கள்.