வலியைத் தாங்கலாம், குளிரைத் தாங்கலாமா?



என் மகள் இந்த வருடம் முழுத்தூர ட்ரையத்லன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டம், அதன்பின் 42.2 கிலோமீற்றர் மரதன். மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். "அப்பா, அன்றைக்கு நீங்கள் வழியில் நின்று என்னைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். ஈஸ்ட் ஹாம் நீச்சல் தடாகத்தில் அவள் பயிற்சி செய்வதைப் பார்க்கும்போது எனக்கு ஒருவருடைய நினைவு வரும். அவர் வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன்.

பாக்கு நீரிணையை 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி நீந்திக் கடந்தார். ஆனந்தனோ 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திப்போய், அங்கிருந்து நீந்தியே திரும்பினார். மொத்தம் 51 மணித்தியாலம். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினார். ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். கின்னஸ் புத்தகம் அவர் பெயரைப் பலமுறை பதித்தது. வலியைத் தாங்குவதில் அவரை மிஞ்ச நம்மில் யார் இருக்கிறார்கள்?

அப்பேர்ப்பட்டவர்தான் 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். நாம் இருக்கும் இந்த நாட்டின் கரையோரக் கடல் அது. அன்று நடந்ததற்குத் தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் அந்தக் கடல் எப்படிப்பட்டது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாக்கு நீரிணையின் நீர் பெரும்பாலும் 27, 28 பாகைச் சூட்டில் இருக்கும். ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையில்கூட 15 முதல் 18 பாகைதான். குறுகிய இடத்திலேயே 33 கிலோமீற்றர் அகலம். காற்றைவிடப் பல மடங்கு வேகமாக நீர் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்பின் உட்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. கையும் காலும் மரத்துப்போகும். பேச்சு குழறும். இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். அந்த நேரத்தில் நீந்துபவர் "எனக்கு ஒன்றுமில்லை, இன்னும் போவேன்" என்றுதான் சொல்வார். ஏனென்றால் குளிர் முதலில் கெடுப்பவற்றில் ஒன்று அவருடைய நிதானம்.

தசை வலிக்கும்போது வலி நம்மோடு பேசுகிறது. அதைத் தாங்கலாம், அதுதான் பயிற்சி. 1982இல் ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் ஜூலி மொஸ் கடைசி அடிகளைத் தவழ்ந்தே முடித்ததை உலகம் பார்த்து மெய்சிலிர்த்தது. ஆனால் வலி ஓய்ந்து, புத்தி மங்கும்போது மன உறுதி உதவாது. அப்போது முடிவு எடுக்க வேண்டியவர் பக்கத்தில் இருப்பவர்தான்.

அதனால்தான் ஆங்கிலக் கால்வாய் நீச்சலில் கூடவே ஒரு படகும் மேற்பார்வையாளரும் வருவார்கள். நீந்துபவரை யாரும் தொடக்கூடாது, தொட்டால் முயற்சி முடிந்தது. ஆகவே படகில் இருப்பவர் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுவார், கேள்வி கேட்டுப் பதிலைக் கவனிப்பார். கைவீச்சு குறைந்தாலும் பதில் தடுமாறினாலும் தூக்கிவிட வேண்டியதுதான்.

நானும் மகளும் ஓர் உடன்படிக்கை செய்திருக்கிறோம். அவளுடைய பெயர், பிறந்த திகதி, காலையில் சாப்பிட்டது, இம்மூன்றையும் நான் கேட்பேன். பதில் பிசகினால் உடனே வைத்திய உதவியாளரைக் கூப்பிடுவேன், அவள் மறுத்தாலும் கூப்பிடுவேன். இதற்கு அவள் இப்போதே, தெளிவான புத்தியோடு, சம்மதம் தந்திருக்கிறாள்.

நேயர்களே, உங்கள் பிள்ளைகளும் மரதன், நீச்சல் என்று புறப்படுவார்கள். கை தட்டி உற்சாகப்படுத்துங்கள். அதோடு, எப்போது நிறுத்துவது என்பதைப் புறப்படும் முன்பே அவர்களோடு பேசி வையுங்கள்.