சுவருக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

(லயத்துக் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியது)



கூரை ஒழுகினால் சட்டியை வைக்கிறோம். அது கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர். இன்று நாங்கள் பேச வந்தது கண்ணுக்குத் தெரியாத தண்ணீரைப் பற்றி.

போன மழைக்கு ஒரு லயத்துக்குப் போனோம். "ஐயா, சின்னவனுக்கு ராவானா இருமல், மருந்து குடுத்தும் நிக்கல்ல" என்றார் ஒரு அம்மா. அலுமாரியை நகர்த்திப் பார்த்தால், சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லையாம். எப்படிப் போகும்? பின்னால் கான் அடைத்து, தண்ணீர் சுவரடியில் நின்றது. முன்பு அந்த வீட்டுக்குப் போன நாங்களும் "ஜன்னலைத் திறந்து வையுங்க" என்று மட்டும் சொல்லி வந்தவர்கள்தான். கானை வெட்டிவிட்ட பிறகுதான் சுவர் காய்ந்தது.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள். மக்கிய வாசம், உப்பிக் கழரும் சுண்ணாம்பு, வெள்ளை உப்புப் பூத்தல், கரையான், கத்தி முனை சுலபமாக இறங்கும் கூரை மரம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? சின்ன பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் நாலு பக்கமும் இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் துளிர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. கானையும் கூரையையும் பாருங்கள். வெளிப்பக்கம் துளிர்த்தால் அது காம்பராவின் ஆவி. சமைக்கும்போது ஜன்னலைத் திறங்கள்.

பூஞ்சணத்தைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், தூள் நெஞ்சுக்குள் போகும். வாயைக் கட்டிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். இருமுகிற பிள்ளையை வேறு பக்கம் படுக்க வையுங்கள், டொக்டரிடமும் காட்டுங்கள்.

சுவிட்ச் பக்கம் ஈரமென்றால் கையே வைக்கக்கூடாது.

சுவரில் வெடிப்பு கண்டால் அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால், கதவு திடீரென்று இறுகினால், மண்மேட்டிலிருந்து புதிதாகக் கலங்கல் தண்ணீர் வந்தால், சாமான் எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியேறி 117க்கு அறிவியுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது.

தகரமும் மரமும் மாற்றுவது உங்கள் கைக்காசு வேலையல்ல. ஆனால் வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுங்கள், திகதியிட்ட பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாங்களும் கூட வருகிறோம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அலுமாரியை ஒருதரம் நகர்த்திப் பாருங்கள்.