பல் பிடுங்கிய பின் வலி கூடினால்



1990இல் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பல்லாண்டுகள் வாழ்ந்துவிட்டீர்கள். இங்கே எந்த வைத்தியசாலைக்கு எப்படிப் போவது என்று உங்களுக்குத் தெரியும். மீளக்குடியேறும் இடத்தில் முதல் வாரத்திலேயே அது தெரிந்துவிடாது. அதனால்தான் பலர், "போறதுக்கு முன்னம் இந்தப் பல்லையும் பிடுங்கிட்டுப் போவம்" என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பயணத்துக்கு முதல் நாள் பிடுங்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னதாகப் பிடுங்குங்கள்.

காரணம் இதுதான். பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து, அடியிலுள்ள எலும்பை மூடிக் காக்கிறது. அந்த உறைவு கரைந்தாலோ கழன்றாலோ எலும்பு வெளியே தெரியும். இதைப் பல் வைத்தியர்கள் 'ட்ரை சொக்கெட்' என்பார்கள். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில்தான் இது கூடுதலாக வரும்.

சாதாரண வலி நாளுக்கு நாள் குறையும். இந்த வலி அப்படியல்ல. இரண்டாம், மூன்றாம் நாளில் கூடும். காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இழுக்கும். வாய் நாறும், கசக்கும். குழி வெறுமையாகத் தெரியும்.

இப்படியானால் பல் வைத்தியரிடம் திரும்பப் போங்கள். அவர் குழியைக் கழுவி, மருந்து வைப்பார். வலி விரைவில் தணியும். பெரும்பாலும் அன்டிபயோட்டிக் தேவைப்படாது. வீட்டில் மிஞ்சிய குளிசையை விழுங்க வேண்டாம். புகையிலை, கராம்பு எண்ணெய், பற்பசை எதையும் நீங்களாகக் குழிக்குள் வைக்காதீர்கள். வலிக்கு, பெரியவர்கள் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒரு நாளைக்கு 8 குளிசைக்கு மேல் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

வராமல் தடுக்க:

- முதல் நாள் வாய் கொப்பளிக்க வேண்டாம், பலமாகத் துப்ப வேண்டாம், ஸ்ட்ரோவில் உறிஞ்ச வேண்டாம்.
- பீடி, சிகரட், வெற்றிலை, புகையிலையைச் சில நாட்களுக்கு விட்டுவிடுங்கள். புகைப்பவருக்கு இந்த வலி வரும் வாய்ப்புக் கூட.
- 24 மணித்தியாலத்துக்குப் பின், ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, சாப்பிட்ட பின் மெதுவாகக் கொப்பளியுங்கள்.
- இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து, 20 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் கடித்திருங்கள்.

சில அறிகுறிகளுக்கு அடுத்த நாள்வரை காத்திருக்கக் கூடாது: காய்ச்சல், சீழ், முகமோ தாடையின் கீழோ வீங்குதல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டம், அழுத்தியும் நிற்காத இரத்தம். உடனே பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள். போக வழியில்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நீரிழிவு உள்ளவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் பிடுங்குமுன்பே அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னாருக்கு நீண்ட பயணம். சாமானோடும் பிள்ளைகளோடும் போகும்போது இந்த வலியையும் சுமக்க வேண்டாம். வைத்தியசாலைத் துண்டை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பல் சிகிச்சை உண்டு. அரச வைத்தியசாலையில் பணம் கட்டத் தேவையில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும், உங்கள் கிராமத்துக்குக் கிட்டிய பல் சிகிச்சை நிலையம் எது, எந்த நாட்களில் திறக்கும் என்று குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.