நல்ல தண்ணீரும் நாட்டுச் சட்டமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நல்ல தண்ணீரின் அருமையைச் சரவணையாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாரியிலே பெய்யும் மழை நிலத்தில் ஊறி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக நிற்கின்றது. தீவகத்தில் நாம் அள்ளிக் குடிப்பது அதனையே. அது கெட்டால் ஊரே கெட்டது. அவ்வாறு கெடுப்பவரைத் தட்டிக் கேட்கச் சாதாரண குடிமகனுக்குச் சட்டத்தில் இடமுண்டா? இதுவே நான் பேச எடுத்துக்கொண்ட விடயம்.

இடமுண்டு. சுன்னாகமே அதற்குச் சான்று. அங்கே அனல் மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. குடிநீருக்கு மக்கள் பவுசர் வண்டியை எதிர்பார்த்து நின்றார்கள். 2015ஆம் ஆண்டிலே இரவீந்திர காரியவசம் என்னும் சுற்றாடல் ஆர்வலர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். அவர் சுன்னாகத்தவர் அல்லர், தமிழரும் அல்லர். ஆயினும் பொதுநலன் கருதிய அவர் மனுவை நீதிமன்றம் ஏற்றது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நொதேண் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென்று கட்டளையாயிற்று.

இதற்கு முன்னரே, 2000ஆம் ஆண்டில், எப்பாவலைப் பொஸ்பேற் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து அவ்வூர் விவசாயிகளும் ஒரு பௌத்த குருவும் இதே நீதிமன்றத்தில் வென்றனர்.

ஆனால், அன்பர்களே, ஒன்றைச் சிந்தியுங்கள். தீர்ப்பு வர நான்கு ஆண்டுகள் சென்றன. பணம் கிணற்றைக் கழுவித் தராது. ஆகையால் வருமுன் காப்பதே அறிவுடைமை.

அதற்கும் வழிகள் உள. பெருந்திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், 30 நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதி அனுப்பலாம். அலுவலகத்திலுள்ள அனுமதிப் பத்திரத்தையும் நீர்ப் பரிசோதனை அறிக்கையையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். ஊருக்குப் பொதுத் தொல்லை நேர்ந்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி நீதவானிடம் போகலாம். அரச நிர்வாகமே உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும். தவணை தவறினால் நியாயமும் தவறிப்போகும்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம்: எந்தக் கிணறு எந்த ஆண்டில் நன்னீராயிருந்தது, எப்போது உவரேறியது என்பதை வாலிபருக்குச் சொல்லுங்கள். வாலிபர்களே, அதைத் திகதியிட்டுக் கொப்பியில் எழுதுங்கள். ஆண்டுதோறும் நீரைப் பரிசோதிப்பித்து அறிக்கையைப் பேணுங்கள். வழக்குமன்றம் கண்ணீரைக் கேட்பதில்லை, சான்றைக் கேட்கின்றது. இயற்கையைக் காப்பது ஒவ்வொருவரின் கடமையென 28ஆம் உறுப்புரையும் விதிக்கின்றது. கடமையைச் செய்பவன் கையிலேதான் உரிமை நிலைக்கும்.