இரண்டு மாத்திரை போதுமா?

(நமது ஜமாஅத்தின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைப் பாதுகாப்பாக உட்கொள்ளும் முறை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இராயபுரம் முதல் எண்ணூர் வரை மருந்துக் கடைகளில் அன்றாடம் கேட்கப்படும் இரண்டு வாக்கியங்களிலிருந்து தொடங்குகிறேன். "பாய், தொண்டை வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க" என்பது ஒன்று. "போன தடவை டாக்டர் எழுதினாரே, அதே மாத்திரையில் நாலு கொடுங்க" என்பது மற்றொன்று.

கேட்பவர்கள் அறியாமையால் மட்டும் அவ்வாறு கேட்பதில்லை. துறைமுகத்தில் வேலை செய்பவருக்கும், கண்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கும், காசிமேட்டில் மீன் கூடை சுமப்பவருக்கும் ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்று பொருள். மருத்துவமனை வரிசையில் அரை நாள் நிற்பதைவிட இரண்டு மாத்திரை மலிவாகத் தோன்றுவது இயல்பே. அந்த நெருக்கடியை உணர்ந்தவனாகவே சொல்கிறேன்: அந்த இரண்டு மாத்திரை மலிவானதன்று. அதன் விலையை விழுங்கியவர் மட்டுமல்லாமல், அவருடைய வீட்டாரும் தெருவாரும் சேர்ந்து கொடுக்க நேரிடுகிறது.

முதலில் அடிப்படையை அறிந்துகொள்வோம். நோயை உண்டாக்கும் கிருமிகளில் பாக்டீரியா ஒரு வகை, வைரஸ் வேறொரு வகை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். டைபாய்டு, சிறுநீர்த் தொற்று, சில வகை நிமோனியா, சீழ் பிடித்த புண் போன்றவற்றில் அவை உயிர் காக்கும். சாதாரண சளி, இன்ஃப்ளுயன்சா, பெரும்பாலான தொண்டை வலி, டெங்கு ஆகியவை வைரஸ் நோய்கள். அவற்றில் இம்மருந்து எந்தப் பயனும் தராது. டெங்குக் காய்ச்சலுக்குத் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டு, மருந்து வேலை செய்யும் என்று காத்திருப்பவர் விலைமதிப்பற்ற இரண்டு நாள்களை இழக்கிறார். டைபாய்டு போன்ற நோயிலோ, முன்னரே விழுங்கிய அரைகுறை மருந்தினால் இரத்தப் பரிசோதனையில் கிருமி வளராமல் போய், நோயைக் கண்டறிவதே மருத்துவருக்குக் கடினமாகிவிடக்கூடும்.

மற்றொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. நம் குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஒவ்வொரு முறை ஆன்டிபயாடிக் உட்கொள்ளும்போதும் வலுவற்றவை மடிகின்றன. அம்மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்ற சில எஞ்சிப் பெருகுகின்றன. தேவையுள்ளபோது இந்த இழப்பை ஏற்றுக்கொள்கிறோம். தேவையின்றி விழுங்கும்போது இழப்பு மட்டுமே மிஞ்சுகிறது. அவ்வாறு பெருகிய கிருமி கைகள் வழியாகவும், கழிவு கலந்த நீர் வழியாகவும் அடுத்தவருக்குச் செல்கிறது. ஒரே முற்றத்தில் நான்கு குடித்தனங்கள் வாழும் நம் தெருக்களில் அதற்கு நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டியதில்லை.

இது கற்பனை அச்சமன்று. 2010-ஆம் ஆண்டு லான்செட் தொற்றுநோய் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியாகி உலக மருத்துவர்களைத் திடுக்கிடச் செய்தது. கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கார்பபெனம் வகை ஊசி மருந்துகளையே சிதைத்துவிடும் என்.டி.எம்-1 என்னும் நொதியைக் கொண்ட கிருமிகள் பற்றியது அக்கட்டுரை. அதன் முதன்மை ஆசிரியர் தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஆராய்ந்த கிருமி மாதிரிகளுள் 44 நம் சென்னையில் கண்டறியப்பட்டவை. உலக அளவில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

அந்த அதிர்ச்சிக்கு மறுமொழியும் நம் நகரிலிருந்தே எழுந்தது. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த ஒரு செயல்திட்டம் வகுத்தார்கள். "சென்னைப் பிரகடனம்" என்று அது பெயர் பெற்றது. அதனை ஒருங்கிணைத்தவர் சென்னைத் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு "எச்-1" என்னும் புதிய மருந்துப் பட்டியலை அறிவித்தது. 2014 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின், காசநோய் மருந்துகள் உள்ளிட்டவை அப்பட்டியலில் அடங்கும். அவற்றை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். பட்டியலில் இல்லாத மற்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், அது சீட்டின்றி வாங்கக் கூடாத மருந்து என்று அறிந்துகொள்ளுங்கள். ஆகவே, கடைக்காரர் சீட்டுக் கேட்டால் "நம்ம பாய்தானே, இதுகூடத் தரமாட்டாரா" என்று வருந்தாதீர்கள். அவர் உங்கள் நலனையே நாடுகிறார்.

இனி, மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்த பின் கடைப்பிடிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முன்பு எந்த மருந்துக்கேனும் தோல் தடிப்போ மூச்சுத் திணறலோ ஏற்பட்டிருந்தால் அம்மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டுதல், சிறுநீரக அல்லது கல்லீரல் நோய், சர்க்கரை மற்றும் இதய நோய்க்கு உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகிய அனைத்தையும் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். நாளுக்கு இரண்டு வேளை என்றால் ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளி. மூன்று வேளை என்றால் 8 மணி நேர இடைவெளி. இரத்தத்தில் மருந்தின் அளவு குறையாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. இரவு ஷிப்டில் இருப்பவர் தம் வேலை நேரத்தைச் சொல்லி, அதற்கேற்ப வேளைகளைக் கேட்டறியலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் உட்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது.

மூன்றாவது, உணவு. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளைப் பால், தயிர், அசிடிட்டி மருந்து, இரும்புச்சத்து அல்லது கால்சியம் மாத்திரை ஆகியவற்றுடன் சேர்த்து உட்கொண்டால் மருந்து உடலில் சேராது. இடைவெளி எவ்வளவு என்பதை வாங்கும்போதே கேளுங்கள். டாக்சிசைக்கிளின் உட்கொள்வோர் நிறையத் தண்ணீர் குடித்து, சற்று நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும்.

நான்காவது, குழந்தைகள். பொடியாக வரும் மருந்தில், காய்ச்சி ஆறவைத்த நீரைக் குறிப்பிட்ட கோடு வரை ஊற்றி நன்கு குலுக்க வேண்டும். சமையலறைக் கரண்டியால் அளக்காமல், உடன் வரும் மூடியால் அளந்து கொடுக்க வேண்டும். கலந்த மருந்து சில நாள்களே தாங்கும். மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பது பெருந்தவறு.

ஐந்தாவது, ரமளான் மாதம். சஹர் முதல் இஃப்தார் வரை நம் ஊரில் ஏறத்தாழ 13 மணி நேரம். ஒரு வேளை அல்லது இரண்டு வேளை மருந்தானால் மருத்துவரைக் கேட்டு, சஹரிலும் இஃப்தாரிலும் அமைத்துக்கொள்ள இயலும். மூன்று வேளை மருந்தை இரவுக்குள் நெருக்கி விழுங்குவது சரியன்று. நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கி, விடுபட்ட நோன்பைப் பின்னர் நோற்க வழி செய்துள்ளதை அனைவரும் அறிவீர்கள். இஃப்தாரில் ரோஸ்மில்க் அருந்தும் வழக்கமுடையோர் சற்றுமுன் நான் பாலைப் பற்றிச் சொன்னதை நினைவில் வையுங்கள்.

ஆறாவது, பக்க விளைவு. இலேசான வயிற்றுப்போக்கும் குமட்டலும் சிலருக்கு வருவதுண்டு. கடுமையான வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம் என்றால் உடனே மருத்துவரை அணுகுங்கள். உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ அடுத்த மாத்திரையை உட்கொள்ளாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஏழாவதும் மிக முக்கியமானதும், எத்தனை நாள் என்பது. முன்பு பத்து நாள் கொடுத்த சில நோய்களுக்கு இன்று ஐந்து நாளே போதும் என்று மருத்துவர்கள் கண்டுள்ளார்கள். காசநோய்க்கோ வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம் நீடிக்கிறது. எனவே, காய்ச்சல் விட்டதும் நாமாகவே நிறுத்துவதும் கூடாது; பயந்துகொண்டு நாமாகவே நீட்டிப்பதும் கூடாது. சீட்டில் எழுதிய நாள்கள் எத்தனையோ அத்தனை நாள்கள். இரண்டு மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால் மருந்தை நாமே மாற்றாமல் மீண்டும் மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

"இவ்வளவு ஒழுங்கும் வசதியுள்ளவர்களுக்குத்தானே, எங்களைப் போன்றோருக்கு எப்படி இயலும்?" என்று சிலர் எண்ணலாம். அதற்கு விடையளித்ததும் நம் ஊரே. 1956-ஆம் ஆண்டு சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளிகளைத் தாம்பரம் போன்ற சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்து, நல்லுணவும் ஓய்வும் அளித்தால்தான் பிழைப்பார்கள் என்று கருதிய காலம் அது. அந்த மையத்தார் சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. நெருக்கமான வீட்டில், குறைந்த உணவுடன் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே தலையாயது என்பது விளங்கிற்று. வீட்டில் சிலர் மருந்தைத் தவறவிடுவதையும் அம்மையத்தார் கண்டு, ஒருவர் முன்னிலையில் மருந்து உட்கொள்ளும் முறையை வளர்த்தெடுத்தார்கள். பின்னர் பல நாடுகள் அம்முறையைப் பின்பற்றின.

பணம் ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்குத் தேவையான மருந்துகளை வாங்கி அளிக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவர் ஆலோசனையும் மருந்தும் இலவசம். காசநோய்க்கு முழுச் சிகிச்சையும் இலவசம்.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். இன்றிரவு வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். மிஞ்சிய ஆன்டிபயாடிக் இருந்தால் உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ கொடுக்காதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். மருந்தாளுநரிடம் கொண்டுவந்து, அப்புறப்படுத்தும் வழியைக் கேளுங்கள். அடுத்து, மருத்துவரிடம் "ஆன்டிபயாடிக் எழுதுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள், "இது அவசியமா?" என்று கேளுங்கள். மூன்றாவதாக, நம் மஹல்லாவில் எவருக்கேனும் காசநோய் என்றால் விலகி நிற்காமல், அவர் நாள்தோறும் மருந்து உட்கொள்வதை உடனிருந்து பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வாருங்கள். கூலி வேலை செய்யும் அண்டை வீட்டார் காய்ச்சலில் கிடந்தால், அவருக்காக அரை நாள் மருத்துவமனை வரிசையில் நிற்க ஓர் இளைஞர் முன்வந்தாலே, "ரெண்டு மாத்திரை கொடுங்க" என்று கேட்கும் நிலை அவருக்கு வாராது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தை வழங்குவானாக. வஸ்ஸலாம்.