சராசரிக்குள் தெரியாத தாய்மார்கள்



முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் வடநெம்மேலி வருகிறது. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான். 1978-இல் தொடங்கிய சங்கம். இந்தியா முழுக்கப் பாம்புக்கடிக்குப் போடுகிற ஊசி மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு இந்த இருளர் பழங்குடியினர் எடுத்துக் கொடுப்பது. 2023-இல் அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது, கை தட்டினோம். சரி, அந்த இருளர் வீட்டுப் பெண் கர்ப்பமானால் அவளுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். 2018–20 கணக்கில், ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் இறந்த தாய்மார் 54 பேர். இந்திய அளவில் 97. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இது சராசரி. சராசரியில் இருளர் குடிசை தனியாகத் தெரியாது.

முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 18,000 ரூபாய். அதற்குக் காலத்தோடு பதிய வேண்டும், பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண் வேண்டும், ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். இருளர் பெண்ணோ முன்பணம் வாங்கிய புருஷனோடு செங்கல் சூளைக்கோ அரிசி ஆலைக்கோ போய்விடுகிறவள். முன்பணத்துக்கு ஆளைக் கட்டிவைக்கிற கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் ஒழித்துவிட்டதாம்; சூளை முதலாளிக்கு யாராவது சொல்லுங்கள்! ஐந்தாம் மாதம் ஓர் ஊர், எட்டாம் மாதம் வேறு மாவட்டம். நர்ஸம்மா இரும்புச்சத்து மாத்திரையோடு வந்தால் குடிசையில் ஆள் இல்லை. ரத்தசோகை மட்டும் அவள் கூடவே போகிறது. பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது. தடுப்பூசி பாதியில் நிற்கிறது.

'ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறார்களே' என்பார்கள். 2021-இல் மாமல்லபுரத்தில் அன்னதானப் பந்தியில் இருளரைப் போலவே ஒதுக்கப்படுகிற நரிக்குறவர் பெண்ணொருத்திக்கு இடமில்லை என்று சொன்ன சேதியை நாடே பார்த்தது. பந்தியிலேயே இப்படியென்றால், பிரசவ வார்டு வாசலில் தயங்குகிறவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேடையிலுள்ள அதிகாரிகளிடமும் ஊராட்சிப் பெருமக்களிடமும் கேட்கிறேன். தாய் சேய் இறப்பைப் பழங்குடியினருக்கென்று தனியே கணக்கெடுத்துக் கிராம சபையில் வாசியுங்கள். காகிதம் இல்லையென்று எவளையும் திருப்பி அனுப்பாதீர்கள். சூளையில் வேலை தொடங்குகிற மாதமே நர்ஸம்மாவைச் சூளைக்கு அனுப்புங்கள்.